ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை

“இன்னிக்கு அந்த மூணு பேரையும் பேச வைக்காம இந்த நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்க மாட்டேன்!”

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு ஐம்பதுக்கு, லேப்டாப் முன்னால் உட்கார்ந்து கிடங்கு சார் இப்படி ஒரு சபதம் போட்டார். இடுப்புக்கு மேலே இஸ்திரி போட்ட சட்டை. இடுப்புக்குக் கீழே முழங்கால் கிழிந்த பைஜாமா. கேமராவுக்குத் தெரிகிற பாதி மட்டும்தான் படிக்கப் போகிறது, மீதிப் பாதிக்கு எதற்கு அலங்காரம் என்பது அவர் கட்சி.

“எழுந்திருக்காம உட்கார்ந்திருக்கிறதுக்குப் போய் சபதமா? அதுதான் உங்களுக்குக் கைவந்த கலையாச்சே,” என்றாள் அவர் மனைவி.

“கிண்டல் பண்ணாதேம்மா. இது என் வாழ்க்கைப் பிரச்சினை.”

இதில் மிகை ஒன்றும் இல்லை. பதினெட்டு வருஷமாக ஒரே மருந்துக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். பெட்டி வரும், எண்ணுவார். பெட்டி போகும், எண்ணுவார். இப்போதுதான் மேற்பார்வையாளர் நாற்காலி காலியாகிறது. “பன்னிரண்டு வாரம் ஆன்லைன்ல குழு மேற்பார்வைப் படிப்பு. பாஸ் பண்ணுங்க, நாற்காலி உங்களுக்கு. இல்லேன்னா டைக்காரருக்கு,” என்று மேலாளர் சொல்லிவிட்டார். டைக்காரர் என்பவர் நேற்றைக்கு வேலையில் சேர்ந்தவர். கழுத்தில் டை கட்டுவதைத் தவிர வேறு எதுவும் செய்து யாரும் பார்த்ததில்லை. அவருக்குக் கீழே வேலை பார்ப்பதைவிடப் பெட்டியோடு பெட்டியாகப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கிடங்கு சாருக்குத் தோன்றியது.

படிப்பில்தான் ஒரு வில்லங்கம். மதிப்பெண் தனித்தனியாகக் கிடையாது. நாலு பேர் ஒரு குழு. சேர்ந்து ஒரு திட்டம் செய்து முடிக்க வேண்டும். ஒருவர் பாதியில் கழன்றால் நாலு பேருக்கும் ஃபெயில். ஆகவே முகம் தெரியாத மூன்று பேரைக் கையைப் பிடித்து, காலைப் பிடித்து, பன்னிரண்டு வாரம் ஒட்டவைத்துக் கரை சேர்ப்பது கிடங்கு சாரின் தலையில் விடிந்திருந்தது.

இதற்குள் ஒரு ரகசியமும் இருக்கிறது. காதைக் கொடுங்கள். வகுப்பு உண்மையில் முக்கால் மணி நேரம்தான். ஏழுக்குத் தொடங்கி ஏழே முக்காலுக்கு ஆசிரியை கும்பிடு போட்டுவிடுவார். ஆனால் வீட்டில் கிடங்கு சார் சொல்லியிருந்த கணக்கு வேறு.

“செவ்வாய், வியாழன், சனி. ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை வகுப்பு. நடுவுல கதவைத் தட்டக் கூடாது.”

மிச்சமிருக்கும் ஒண்ணேகால் மணி நேரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரோடு செஸ் ஆடுவார். கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று அவ்வப்போது, “கரெக்ட்! நல்ல பாயிண்ட்!” என்று சத்தமாகச் சொல்வார். அந்த நேரத்தில் சமையலறையில் பாத்திரம் உருளும். துணி காய்ந்து கிடக்கும். யார் கவனிப்பது? படிக்கிற மனுஷனைத் தொந்தரவு செய்யலாமா?

மனைவி கூரியர் ஆபீஸ் கவுன்ட்டரில் இருப்பவள். தெருவே அவளைக் கூரியரம்மா என்றுதான் கூப்பிடும். ஆறு மணி வரை பார்சல்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, வீட்டு வேலையோடும் மல்லுக்கட்டுவாள். ஒரு வார்த்தை கேட்டதில்லை. “நல்லா படிங்க,” என்று கதவைச் சாத்திவிட்டுப் போவாள். அதைப் பார்க்கும்போது கிடங்கு சாருக்கு நெஞ்சுக்குள் ஏதோ குறுகுறுக்கும். இரண்டு நகர்த்தல் ஆடினால் சரியாகிவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்றாவது வாரம். கடைசிக் கால் மணி நேரம் ஆசிரியை குழுக்களைத் தனித்தனி அறைகளாகப் பிரித்துவிட்டார். “பேசுங்க, பழகுங்க, ஒருத்தருக்கொருத்தர் உதவுங்க,” என்று சொல்லிவிட்டு மறைந்தார்.

திரையில் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் பேக்கரி அக்கா. மாவுக் கையோடு போனை எங்கேயோ சாய்த்து வைத்திருப்பார். ஆகவே அவர் முகம் தெரியாது, அவர் கடையின் மின்விசிறிதான் தெரியும். இரண்டாவதில் லிப்ட் மெக்கானிக், அரை நெற்றி மட்டும். மூன்றாவதில் ஒரு கிளியின் படம். அதற்குப் பின்னால் ஆணா பெண்ணா, தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா, யாருக்கும் தெரியாது. மூன்று வாரமாக ஒரு மூச்சுச் சத்தம்கூட வந்ததில்லை. குழுவில் அவருக்குக் கிளி என்றே பெயர் வந்துவிட்டது.

“வணக்கம் வணக்கம்!” என்றார் கிடங்கு சார். “இன்னிக்கு ஜாலியா ஆரம்பிப்போம். எல்லாரும் உங்களுக்குப் பிடிச்ச மிருகம் ஒண்ணு சொல்லுங்க! நான் யானை!”

மின்விசிறி சுற்றியது.

“சொல்லுங்க அக்கா!”

“தம்பி, அடுப்புல ரொட்டி இருக்கு. இப்ப யானையெல்லாம் முடியாது.”

“மெக்கானிக் தம்பி?”

“அண்ணே, சிக்னல் போகுது,” என்றது நெற்றி. போயே போய்விட்டது.

“கிளி சார்? கிளி மேடம்? நீங்க மிருகம் சொல்ல வேண்டாம், பறவைகூட சொல்லலாம்!”

கிளி அசையவில்லை. கிடங்கில் அட்டைப் பெட்டிகள்கூட இதைவிட நன்றாகப் பதில் சொல்லும். மேலே பெயராவது எழுதியிருக்கும்.

சபதப்படி நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. எழுந்தார். செஸ் ஆடவும் மனசில்லை. சமையலறை வாசலில் போய் நின்றார். அதே சமயம் கூரியரம்மாவின் போன் ‘டிங்’ என்றது. எடுத்துப் பார்த்தாள், ஒரு சின்னச் சிரிப்போடு கவிழ்த்து வைத்தாள். ஆபீஸ் சமாசாரமாக இருக்கும்.

“என்னங்க, வகுப்பு நடுவுல வந்துட்டீங்க?”

“இடை... இடைவேளை. ஏம்மா, உங்க ஆபீஸ்ல அத்தனை பேர் வேலை பார்க்கிறாங்களே, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறதே இல்லை. எப்படிம்மா வேலை நடக்குது?”

“நான் யாரையும் பேசச் சொல்றதில்லை. போர்டுல எழுதிடுவேன். என்ன வேலை, யார் செய்யணும், எத்தனை நிமிஷம். செஞ்சவர் ‘செஞ்சுட்டேன்’னு வாயால சொன்னா எடுத்துக்க மாட்டேன். படம் வேணும். அதை இன்னொருத்தர் பார்த்து டிக் போடணும். படம் இல்லேன்னா பார்சல் போகலைன்னுதான் அர்த்தம்.”

கிடங்கு சார் கண்ணில் பல்பு எரிந்தது. எரிந்தது என்ன எரிந்தது, ஊருக்கே வெளிச்சம் போட்டது. வியாழக்கிழமை வகுப்பில் அந்த போர்டு அப்படியே குழுவுக்கு வந்தது. “நானே யோசிச்சு உருவாக்கின முறை,” என்று முன்னுரையோடு.

“தன் வேலைக்குத் தானே டிக் போடக் கூடாது. படம் போடணும். மத்தவங்கள்ல ஒருத்தர் பார்த்து ஒத்துக்கிட்டாத்தான் முடிஞ்சதுன்னு அர்த்தம். இது சட்டம்!”

கதவைத் தட்டாமலே உள்ளே வந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த கூரியரம்மா மெதுவாகக் கேட்டாள். “இந்தச் சட்டம் லீடருக்கும் உண்டாங்க?”

“லீடருக்குத்தான் முதல்ல!” என்று மைக்கை மூடாமலே முழங்கினார் கிடங்கு சார். பேக்கரி அக்காவின் மின்விசிறிக்குக் கீழிருந்து கைதட்டல் வந்தது. போர்டில் முதல் பெயராகத் தன் பெயரைப் போட்டு, பக்கத்தில் ‘செயல் தலைவர்’ என்று பட்டமும் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் ஆசிரியை குண்டைப் போட்டார். ஒவ்வொரு குழுவும் நிஜமான ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே தேங்கிக் கிடக்கிற வேலையைக் கண்டுபிடித்து, பொறுப்பைப் பிரித்து, எட்டு வாரம் நடத்தி, ஆதாரத்தோடு காட்ட வேண்டும். இடத்தின் பெயர் இன்றே வேண்டும்.

தனி அறை. கால் மணி நேரம்.

“என் கிடங்குல படம் எடுக்க அனுமதி இல்லை. மருந்து பாருங்க. அக்கா, உங்க பேக்கரி?”

“என் கடையில எதுவுமே தேங்காது தம்பி. தேங்கினா கெட்டுப் போயிடும்.”

“மெக்கானிக் தம்பி?”

“அண்ணே, நான் லிப்ட் மேல நின்னு வேலை பார்க்கிறேன். அங்க போட்டோ எடுத்தா, அடுத்த போட்டோ மாலை போட்டுத்தான் மாட்டுவாங்க.”

“கிளி?”

கிளி.

பத்து நிமிஷம் போயிற்று. கிடங்கு சாருக்குக் கண்முன்னால் டைக்காரர் மேற்பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிச் சுற்றி ஆடுவது தெரிந்தது. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. கூரியரம்மா டீ கொண்டுவந்தாள். கதவை நன்றாக, அகலமாக, சுவரோடு சுவராகத் திறந்து வைத்தாள்.

“தம்பி,” என்றது மின்விசிறி. “உங்க தோளுக்குப் பின்னாடி அது என்ன, மலையா?”

“அது... பாத்திரத்தொட்டி அக்கா.”

“பக்கத்துல குவியலா?”

“துவைச்ச துணி. மடிக்கணும்.”

“மன்னிச்சுக்கோங்க, நடுவுல வந்துட்டேன்,” என்றாள் கூரியரம்மா, போகாமல். “என்ன எல்லாரும் வாட்டமா இருக்கீங்க? உங்களுக்கு என்ன மாதிரி இடம் வேணும்?”

“வேலை தேங்கி நிக்கிற இடம் அண்ணி,” என்றது அரை நெற்றி.

“சரி.”

“யார் பொறுப்புன்னே தெரியாத இடம்,” என்றார் பேக்கரி அக்கா.

“சரி.”

“படம் எடுக்க அனுமதி கிடைக்கிற இடம்,” என்றார் கிடங்கு சார்.

“அனுமதிக்கென்ன, குடுத்தாப் போச்சு,” என்றாள் கூரியரம்மா. “ஆனா அப்படி ஒரு இடத்துக்கு எங்க போறது, பாவம்!” டீயை வைத்துவிட்டு நின்றாள். பின்னால் மலை நின்றது.

அப்போதுதான் அது நடந்தது. கரகரவென்று ஒரு சத்தம். பிறகு, நாலு வாரத்தில் முதல் முறையாக, கிளிக்குப் பின்னாலிருந்து ஒரு மனிதக் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

“உங்க... வீடு.”

கிடங்கு சார் துள்ளிக் குதித்தார். கிழிந்த பைஜாமாவும் சேர்ந்து கேமராவுக்குத் தெரிந்தது. அதைப் பற்றி யாருக்குக் கவலை!

“கிளி பேசிடுச்சு! அக்கா, கேட்டீங்களா? கிளி பேசிடுச்சு! கிளி சார், நீங்க சொன்னது அருமை! பிரமாதம்! அப்படியே ஏத்துக்கறோம்! எல்லாரும் சம்மதமா? சம்மதம்! தீர்மானம் நிறைவேறிச்சு!” என்று ஒரே மூச்சில் படிவத்தை நிரப்பி ‘அனுப்பு’ என்ற பொத்தானை அமுக்கிவிட்டார். அமுக்கிய பிறகுதான் அதில் என்ன எழுதியிருந்தது என்று படித்தார். திட்டம் நடக்கும் இடம்: செயல் தலைவரின் வீடு. இடத்தின் பொறுப்பாளர்: அவர் மனைவி.

பொறுப்பாளர் வேலைப் பட்டியல் போட வேண்டும் என்பது படிப்பின் விதி. கூரியரம்மா ஐந்தே நிமிஷத்தில் போட்டுக் கொடுத்தாள். பாத்திரம் கழுவுதல், முப்பத்தைந்து நிமிஷம். துணி மடித்து அலமாரியில் வைத்தல், இருபது. தரை துடைத்தல், பதினைந்து. குப்பை பிரித்து வெளியே வைத்தல், ஐந்து. முதல் வேலைக்கான முறை சொல்வது பேக்கரி அக்கா. கருவிகள் பராமரிப்பு லிப்ட் மெக்கானிக். தரச் சோதனை கிளி. செய்வது யார்?

“செயல் தலைவர்,” என்றார்கள் எல்லாரும். பட்டமே அப்படித்தானே இருக்கிறது.

“அண்ணே, வகுப்பு முடிஞ்சதும் உடனே ஆரம்பிச்சிடலாம்ல? ஏழே மு...”

“ஆ! ஆமா ஆமா!” என்று பாய்ந்து ஒலியைக் குறைத்தார் கிடங்கு சார். திரும்பிப் பார்த்தார். மனைவி டீக் கோப்பையை எடுத்துக்கொண்டிருந்தாள். “ஏம்மா, விஷயம் என்னன்னா... பாதி நேரம் பாடம். மீதி நேரம், ஒன்பது வரைக்கும், செய்முறைப் பயிற்சி. அதுவும் வகுப்புதான்.”

“அப்படியா? பாத்திரம் கழுவுறதும் வகுப்புலதான் வருதா?” கூரியரம்மா கண்ணை அகல விரித்தாள். “படிப்புன்னா படிப்பு, எவ்வளவு கஷ்டம்! சரிங்க, நல்லா பண்ணுங்க.”

அன்று மாலை செஸ் பலகையில் ராஜா தனியாக நின்றார். கிடங்கு சார் பாத்திரத்தொட்டி முன்னால் நின்றார்.

“தம்பி, முதல்ல வெந்நீர்ல ஊறப்போடுங்க,” என்று போனிலிருந்து பேக்கரி அக்கா. “அம்பது தட்டு இருக்கிற மாதிரி அவசரமாத் தேய்க்காதீங்க. ஒண்ணே ஒண்ணு இருக்கிற மாதிரி தேயுங்க.”

படம் போட்டார். ஒரு நிமிஷத்தில் பதில். கிளி.

‘மூணாவது தட்டு, விளிம்பு.’

பெரிதாக்கிப் பார்த்தார். மூன்றாவது தட்டின் விளிம்பில், கடுகளவு, ஒரு மஞ்சள் புள்ளி. கிளிக்கு டிக் போடும் எண்ணமே இல்லை. மறுபடி கழுவினார். மறுபடி படம். ‘கரண்டியின் பின்பக்கம் காட்டவும்.’

“யாருய்யா இந்த ஆளு? கண்ணா அது, இல்லை டெலஸ்கோப்பா?” என்று குழுவிலேயே கேட்டுவிட்டார். அன்றுதான் தெரிந்தது. கிளிக்குப் பின்னால் இருந்தவர் முப்பது வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை கண்ணாடியில் கீறல் தேடுவதுதான் தொழில்.

“பேசினா குரல் நடுங்கும். அதான் பேசலை,” என்று அவர் எழுதினார். “படம் பார்க்கச் சொன்னீங்க. அது எனக்கு வரும்.”

அன்றிலிருந்து அந்தக் கட்டங்களில் உயிர் வந்தது பாருங்கள், அதைக் கண்டு கிடங்கு சார் உள்ளபடியே பூரித்துப்போனார். பேக்கரி அக்கா போனை நிமிர்த்தி வைத்தார். மாவு படிந்த ஒரு சிரித்த முகம் தெரிந்தது. லிப்ட் மெக்கானிக் துணி காயப்போடும் கயிற்றுக்குக் கப்பி வைப்பது எப்படி என்று மேலேயிருந்து கீழே வரை படம் வரைந்து அனுப்பினார். போர்டில் மற்றவர்களும் தங்கள் வேலையைப் போட ஆரம்பித்தார்கள். டிக் போடுவதற்குப் போட்டியே நடந்தது.

திட்டத்தின் மூன்றாவது சனிக்கிழமை கிடங்கு சாருக்கு உடம்பு வணங்கவில்லை. குறுக்கு வழி ஒன்று தோன்றியது. எதிர்வீட்டு வக்கீல் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“சார், உங்க பாத்திரத்தொட்டியை ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?”

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “எந்த வழக்குக்கு?”

“வழக்கு இல்லை சார். படிப்புக்கு.”

பளபளவென்று வந்தது படம். போட்டார். ஹாயாக செஸ்ஸைத் திறந்தார். குதிரையை நகர்த்துவதற்குள் பதில்.

‘சார், உங்க வீட்டில் குழாய் ஒன்று. இதில் இரண்டு.’

அடுத்த நொடி பேக்கரி அக்கா. ‘தம்பி! யார் வீட்டுத் தொட்டி இது?’

அடுத்து மெக்கானிக். ‘அண்ணே, ஜன்னலுக்கு வெளியே உங்க வீடு தெரியுது. மாடி விளக்கு வெளிச்சத்துல அண்ணி துணி எடுக்கிறாங்க. கையாட்டுறாங்க.’

கிடங்கு சார் செஸ்ஸை மூடினார். கையை மடித்து விட்டுக்கொண்டார். அன்று பாத்திரத்தோடு சேர்த்து அடுப்பு மேடையையும் துடைத்தார், மானம் போன கணக்கில் வட்டியாக.

ஒன்பதாவது வாரம்தான் உண்மையான இடி. வகுப்பு தொடங்கும்போதே லிப்ட் மெக்கானிக்கின் முழு முகம் தெரிந்தது. அது தொங்கிப்போயிருந்தது.

“அண்ணே, என் வேலை நேரத்தை மாத்திட்டாங்க. இனிமே ஏழு மணிக்கு என்னால வகுப்புக்கு வர முடியாது. நான் விலகிக்கறேன். என்னால உங்க எல்லாருக்கும்... மன்னிச்சுக்கோங்க.”

ஒருவர் கழன்றால் நாலு பேரும் ஃபெயில். கிடங்கு சாருக்கு முதலில் நாற்காலிதான் ஞாபகம் வந்தது. பிறகு அந்தத் தொங்கிய முகத்தைப் பார்த்தார். அந்தக் கப்பிப் படத்தை அவர் எத்தனை கவனமாக வரைந்து அனுப்பினார் என்பது ஞாபகம் வந்தது. நாற்காலி எங்கோ போய்விட்டது.

“தம்பி, நீங்க எங்கயும் போகலை. கொஞ்சம் இருங்க,” என்றார். வழி எதுவும் தெரியாமல்தான் சொன்னார்.

அப்போது கிளி படம் மறைந்தது. அதன் இடத்தில் நரைத்த தலை, தடித்த கண்ணாடி, கூச்சமான கண்கள். “நான்... மதியம் கடை சாத்துவேன். ரெண்டு மணி நேரம் சும்மாதான் இருப்பேன். தம்பிக்கு பாடத்தை போன்ல படிச்சுச் சொல்றேன். குரல் நடுங்கும். பரவாயில்லையா?”

“பரவாயில்லை சார்,” என்றார் மெக்கானிக்.

“காலை நேரத்துல சந்தேகம் கேக்கணும்னா என்னைக் கூப்பிடு. மாவு பிசையும்போது வாய் சும்மாதானே இருக்கு,” என்றார் பேக்கரி அக்கா. ஆசிரியையிடம் பேசி, வகுப்பைப் பிறகு கேட்டாலும் வருகைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள அனுமதி வாங்கினார் கிடங்கு சார். அந்த மாலை பாத்திரம் கழுவும்போது அவர் பாடிக்கொண்டே கழுவினார். சுருதி சேரவில்லை என்று கூரியரம்மா சொன்னாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

பன்னிரண்டாவது வாரம், கடைசி சனிக்கிழமை. முடிவு அறிவித்தார்கள். முப்பது குழுவில் முதல் இடம் எது என்று நினைக்கிறீர்கள்?

“ஆன்லைன்ல படிக்கிறவங்க ஒருத்தரை ஒருத்தர் எப்படித் தாங்கணும்னு இந்தக் குழுவைப் பார்த்துக் கத்துக்கோங்க,” என்றார் ஆசிரியை. “தேங்கி நின்ன ஒரு இடம் எட்டே வாரத்துல எப்படி மாறியிருக்கு பாருங்க!” திரையில் கிடங்கு சாரின் பாத்திரத்தொட்டி, முன்னும் பின்னுமாக. நூற்றிருபது பேர் கைதட்டினார்கள். பேக்கரி அக்கா கண்ணைத் துடைத்ததில் நெற்றியெல்லாம் மாவு. மேலாளரிடமிருந்து செய்தி வேறு வந்துவிட்டது: திங்கட்கிழமையிலிருந்து நாற்காலி உங்களுடையது!

கிடங்கு சார் ஹெட்போனைக் கழற்றி எறிந்தார். ஓடினார். மனைவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“ஜெயிச்சுட்டேன்மா! மேற்பார்வையாளர்! முதல் பரிசு! டைக்காரர் இனிமே எனக்குக் கீழே!”

“எனக்குத் தெரியும், நீங்க ஜெயிப்பீங்கன்னு,” என்றாள் கூரியரம்மா. கண் கலங்கியிருந்தது. நிஜமான கலக்கம்தான்.

“படிப்பு முடிஞ்சது. போர்டையும் மூடிடலாம். எட்டு வாரம் என்ன பாடு! இனிமே ஏழிலிருந்து ஒன்பது வரைக்கும் நான் ராஜா!”

‘டிங்.’

கூரியரம்மாவின் போன். ஏழே முக்கால். இந்த முறை அவள் கவிழ்த்து வைக்கவில்லை. அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

‘இன்றைய வகுப்பு 7.45 மணிக்கு நிறைவடைந்தது. தங்கள் குடும்ப உறுப்பினர் கலந்துகொண்டமைக்கு நன்றி.’

அதற்கு மேலே வியாழக்கிழமைச் செய்தி. அதற்கு மேலே செவ்வாய். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. மொத்தம் முப்பத்தாறு. முதல் வகுப்பிலிருந்து.

“இது எப்படி உனக்கு...”

“சேரும்போது படிவத்துல இன்னொரு போன் நம்பர் கேட்டாங்களாமே. யார் நம்பரை எழுதினீங்க?”

எந்தப் படிவத்தில் அந்தக் கட்டம் வந்தாலும் பதினாறு வருஷமாக அவர் கை தானாக எழுதுவது ஒரே நம்பர்தான். கிடங்கு சார் விரலை மடித்தார். மனசுக்குள் எண்ணத் தொடங்கினார். எண்ணுவதுதானே தொழில். பாத்திரம் முப்பத்தைந்து. துணி இருபது. தரை பதினைந்து. குப்பை ஐந்து. ஆக மொத்தம் எழுபத்தைந்து நிமிஷம். ஏழே முக்காலிலிருந்து ஒன்பது வரை, ஒரு நிமிஷம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“முதல் நாளே தெரியும்னா, முதல் நாளே ஏம்மா கேக்கலை?”

“கேட்டிருந்தா வீட்டுல சண்டை வந்திருக்கும்ங்க. பட்டியல்ல போட்டேன், பரிசு வந்திருக்கு.”

பதிலுக்கு அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவர் போனில் வீடியோ அழைப்பு வந்தது. முகத்துக்கு நேரே, தடித்த கண்ணாடி, கூச்சமே இல்லாத கண்கள், நடுங்காத குரல்.

“வாழ்த்துகள் சார்! பரிசெல்லாம் இருக்கட்டும், இன்னிக்குப் படம் இன்னும் வரலையே?”